காபி கப்போட நம்ம கடமை முடியாது!

டிசம்பர் 7, படைவீரர் கொடி நாளையொட்டி, கவரைப்பேட்டையில் நடைபெற்ற முன்னாள் படைவீரர் பாராட்டு விழாவில் நமது ஒன்றியச் செயலாளர் ஆற்றிய உரை:

மேடையில் வீற்றிருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களே, தாய்மார்களே, கழகத் தோழர்களே!

இந்தக் காபி கப்புல இருக்கிற யானையைப் பாருங்க. 1758-ல் தொடங்கிய, இந்தியத் தரைப்படையின் மிகப் பழமையான காலாட்படை ரெஜிமென்ட்டோட சின்னம் அது. பயிற்சி நம்ம நீலகிரி வெலிங்டன்ல. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" என்கிற அவங்க போர்முழக்கம் 1965-லும் 1971-லும் எல்லையில ஒலிச்சது.

சிப்பாயா சேர்ந்த பலர் நாற்பது வயசுக்குள்ளயே ஓய்வு பெற்று ஊர் திரும்புறாங்க. அப்பதான் பிள்ளைங்க படிப்புச் செலவே ஆரம்பிக்குது. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல, கம்பெனி கேட்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணன்கிட்ட, "பட்டாளத்துல இருந்தீங்களா?"னு ஒருநாள் கேட்டுப் பாருங்க. நாம அவர் முகத்தைக்கூடப் பார்க்காம உள்ளே போயிடறோம்.

கப் கொடுத்து, போட்டோ எடுத்ததோட நம்ம வேலை முடியல. பென்ஷன் தொடர, வருஷா வருஷம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கணும். இப்ப செல்போன்ல முகத்தைக் காட்டியே கொடுத்துடலாம். ஆனா குடும்பப் பென்ஷனை நம்பித் தனியா இருக்கிற வயசான அம்மாவுக்கு அதை யார் செஞ்சு தர்றது? நாமதான்!

பூத் கமிட்டித் தம்பிகளே, வீடு தேடிப் போங்க. தேவைப்பட்டா, திருவள்ளூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூடவே போய் வாங்க. அவங்க எந்தக் கட்சின்னு கேட்காதீங்க. எல்லையில நின்னப்ப, அவங்க நம்மகிட்ட அதைக் கேட்கல.



#கொடிநாள் #கவரைப்பேட்டை