நடுகல்லில் ஒரு நாயின் பெயர்



போரையும் கலையையும் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். கொரியாவில் தொடங்கி, நம் செங்கத்துக் கல்லொன்றின் முன் வந்து நிற்க விழைகிறேன்.

கொரியப் போர் 1950 ஜூனில் மூண்டது. அவ்வாண்டு அக்டோபரிலேயே அமெரிக்க இயக்குநர் சாமுவேல் ஃபுல்லர், சிறு முதலீட்டில், ஏறத்தாழப் பத்தே நாள்களில் ‘தி ஸ்டீல் ஹெல்மெட்’ என்னும் படத்தை எடுத்தார். அது 1951-இல் வெளிவந்தது. புத்தர் கோயிலொன்றில் தங்கும் சிறு படைக்குழுவின் கதை அது. குழுவில் கறுப்பின மருத்துவ வீரர் ஒருவர் இருக்கிறார். ஜப்பானிய வழிவந்த அமெரிக்கர் ஒருவர் இருக்கிறார். வழியில் சேர்ந்துகொண்ட கொரியச் சிறுவனும் இருக்கிறான்.

சிறைப்பட்ட வடகொரிய அதிகாரி கறுப்பரைப் பார்த்து, காசு கொடுத்தும் பேருந்தின் பின்னிருக்கையில்தானே உனக்கு இடம் என்று கேட்கிறான். ஜப்பானிய வழியினரிடம், இரண்டாம் உலகப்போரின்போது உன் மக்களை முகாமில் அடைத்தார்களே என்கிறான். இருவர் விடையிலும் பொறுமையே மிகுந்திருக்கிறது. அன்றைய அமெரிக்காவில் இவ்வளவு காட்டியதே பெருந்துணிவு; ஐயமில்லை. ஆயினும் அவர்கள் பட்ட இழிவைத் தாமாக எடுத்துரைக்கும் வாய் அவர்களுக்குத் தரப்படவில்லை. அது பகைவனுக்கே வாய்த்தது. ஜப்பானிய வழியினராக நடித்த ரிச்சர்ட் லூ சீன வழியினர். அச்சிறுவனுக்கோ சார்ஜென்ட் ஒரு பட்டப்பெயர் சூட்டுகிறார். அப்பெயரோடே அவன் மடிகிறான். போர் நடப்பது அவன் மண்ணில். அவன் தாய் இட்ட பெயர் நம் நெஞ்சில் தங்குவதில்லை.

திரையில் முகம் தெரிவது வேறு. அம்முகத்திற்குரியவர் தம் பெயரோடும் சொல்லோடும் நிற்பது வேறு. இதுவே நான் சொல்ல வந்தது.

அப்போரில் நம்மவரும் இருந்தனர். 1950 நவம்பரில் இந்தியாவின் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு கொரியாவில் இறங்கியது. அதன் தலைவர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். சென்னையில் மருத்துவம் பயின்றவர். 1951 மார்ச்சில் முன்சான் அருகே அமெரிக்கப் படையோடு வானிலிருந்து குதித்துக் காயமுற்றோரைக் காத்தவர். மகாவீர் சக்கர விருது பெற்றவர். 2020 ஜூலையில் தென்கொரியா அவரை அம்மாதத்தின் போர்வீரராகப் போற்றியது. ஃபுல்லரின் படம் அவர் செல்லுமுன்னே எடுக்கப்பட்டது. அதனைக் குறைகூற இயலாது. ஆனால் ஆற்காட்டின் பெயரைத் தாங்கிய அம்மனிதரைப் பக்கத்து ஊர்க்காரர்களாகிய நாம் எத்தனை பேர் அறிவோம்?

இனி நம் கல்லுக்கு வருகிறேன். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. வீரன் கருந்தேவக்கத்தியின் பெயர் அதில் உண்டு. அவனோடு நின்று கள்வரை எதிர்த்த நாயின் உருவமும் உண்டு. அதன் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணின் சிற்பி, போரில் துணைநின்ற நாயைக்கூட ‘நாய்’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளவில்லை.

நாம் எவ்வாறு எழுதுகிறோம்? ஈழப்போர் பற்றி நானும் எழுதினேன். நம் மாவட்டத்து அகதிகள் முகாமொன்றில் கண்ட சிறுமியை முறிந்த சிறகென்றும் அணைந்த சுடரென்றும் பாடினேன். கவியரங்கில் கைதட்டினார்கள். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது: அச்சிறுமியின் பெயரை நான் கேட்கவே இல்லை. அவள் என்ன சொல்ல விரும்பினாள் என்பதையும் கேட்கவில்லை. ஃபுல்லரைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி?

கவிஞர்களே, அடுத்த பத்தாண்டில் நாம் பாடும் துயரங்களுக்கு உவமை தேடுமுன் பெயர் கேட்போம். பேச வருவோரைப் பேசவிடுவோம். கோவிவனுக்குக் கிடைத்த மதிப்பேனும் மனிதருக்குக் கிடைக்கட்டும்.