ஆயுதத்திற்குப் பூசையா? அறிவிற்குக் காட்சிசாலையா?

(அம்பத்தூர்க் கூட்டத்தில் பேசியது)



நமதூரில் ஓர் இயந்திரக் காட்சிசாலையை நாமே ஏற்படுத்த வேண்டியதைப் பற்றிப் பேசும்படி கேட்டுக் கொண்டீர்கள். காட்சிசாலை என்றால் நம்மவர்களுக்கு எழும்பூர் 'செத்த காலேஜ்'தான் ஞாபகத்திற்கு வரும். நான் சொல்லுவது செத்ததைப் பார்ப்பதற்கல்ல; ஓடுகின்றதைப் பார்த்து, ஏன் ஓடுகின்றது என்று கேட்பதற்கு.

1949-ல் தோன்றிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி இந்த அம்பத்தூரில்தான் சைக்கிள் செய்தது. 1964-ல் இங்கே தொழிற்பேட்டை ஏற்பட்டது. 1965-ல் ஆவடியில் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இவைகளைச் செய்தவர்களில் எத்தனையோ பேர், "உனக்குப் படிப்பு எதற்கு?" என்று சாஸ்திரம் தள்ளி வைத்த குடும்பங்களின் பிள்ளைகள் அல்லவா?

ஆனால் நாம் செய்வதென்ன? வருஷத்தில் ஒரு நாள் லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைக்கின்றோம். அது பழசானால் எடைக்குப் போடுகின்றோம். அதை முப்பது வருஷம் ஓட்டின டர்னரை ஒரு மாலையோடு வீட்டுக்கு அனுப்பி விடுகின்றோம். அவர் கையிலும் தலையிலும் இருந்த அறிவு எங்கே போயிற்று என்று ஒருவராவது கேட்டோமா? லேத்தில் திருகு வெட்டும் முறையைத் திருத்தமாக்கின ஹென்றி மாட்ஸ்லே, 12 வயதில் கூலிக்குப் போன தொழிலாளி. அவர் என்ன பூசை போட்டா அதைக் கண்டார்?

"பணத்திற்கு எங்கே போவது? சர்க்கார் செய்யட்டுமே" என்பீர்கள். 1944-ல் இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில், எதிரியின் இரகசியச் செய்திகளை அறிய 'கொலோசஸ்' என்னும் கணக்கிடும் இயந்திரம் ஓடிற்று. யுத்தத்திற்குப் பின் அதைப் பிரித்துப் போட்டு, வரைபடங்களையும் கொளுத்தி விட்டார்கள். 1993 முதல் டோனி சேல் என்பவரும் சில தொண்டர்களும், மிஞ்சிய சில படங்களையும், கிழ இன்ஜினீயர்களின் ஞாபகத்தையும் கொண்டு, 2007-க்குள் அதைத் திரும்பவும் கட்டி ஓட வைத்தார்கள். கிழவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டதால்தான் முடிந்தது. நம் கிழவர்களை நாம் எப்பொழுது கேட்கப் போகின்றோம்?

ஆகவே ஓர் அறை போதும். ஓடக்கூடிய ஒரு லேத்து, உள்ளே தெரியும்படி அறுத்து வைத்த ஒரு மோட்டார், பிரித்துப் பூட்ட ஒரு சைக்கிள், இவ்வளவே துவக்கம். கோவை ஜி.டி. நாயுடு அவர்கள் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்துத்தான் தொழில் கற்றார். ஞாயிறுதோறும் ஓய்வுபெற்ற ஒரு பிட்டர் நின்று விளக்க வேண்டும். அவர் சொல்லுவதை ஒரு வாலிபர் எழுதி வைக்க வேண்டும். சுவரில் பணம் கொடுத்தவர் பெயர் வேண்டாம். வேலை செய்தவர் பெயர் வேண்டும். பெண் பிள்ளைகள் கையிலும் ஸ்பானரைக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மற்றக் காட்சிசாலைகளில் 'தொடாதே' என்று பலகை தொங்கும். நம்முடையதில் அது கூடாது. அந்த ஒரு சொல்லால் இந்நாடு கெட்டது போதும் என்று சொல்லி, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.