மதிலோரம் நிற்கும் லாரியும் என் மருமகன் எழுதிய பரீட்சையும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. நேரம் போதாமல் விட்டுப்போன சில கணக்குகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருப்பதால், அன்று வர முடியாதவர்களும் இதைப் படித்துவிட்டு வந்தால் நல்லது.)



நம் மதிலோரம் இரவில் லாரிகள் நிற்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு வருகிற வண்டிகளும், புளியரை வழியாகக் கேரளா போகிற வண்டிகளும் நம் சாலையில் ஒதுங்குகின்றன. 'இங்கே லாரி நிறுத்தக் கூடாது' என்று போர்டு வைக்க வேண்டும், மீறி நின்றால் வாட்ச்மேன் எழுப்பி அனுப்ப வேண்டும் என்பது தீர்மானம். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று இப்போது கேட்கிறேன். காரணம் சொல்லப் பத்து நிமிடம் வேண்டும்.

என் தங்கை மகன் இங்கிலாந்தில் லாரி ஓட்டுகிறான். மருமகளுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவள் கூடப் போனவன், பி.காம். படிப்பை ஓரமாக வைத்துவிட்டு லாரி லைசென்ஸ் எடுத்தான். நான்கைந்து வருடத்தில் முதுகு வலி வந்தது. 'மாமா, ஸ்டியரிங்கை விட்டு மேஜைக்குப் போகணும். அதுக்கு ஒரு பரீட்சை இருக்கு. நீங்கதான் கணக்குச் சொல்லித் தரணும்' என்றான்.

அங்கே லாரி ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சான்றிதழ் உண்டு. ஐந்து வருடத்துக்கு 35 மணி நேரம் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து அதைப் புதுப்பிக்க வேண்டும். இவன் எழுதியது வேறு. லாரிகளை நடத்துகிறவருக்கான பரீட்சை அது. அந்தப் பொறுப்பில் இருப்பவரை டிரான்ஸ்போர்ட் மேனேஜர் என்கிறார்கள். பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றுகிற, மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டி வைத்திருந்தால், தேர்ச்சி பெற்ற ஒருவரின் பெயர் லைசென்ஸில் இருந்தே ஆக வேண்டும். முதலாளியே எழுதித் தேறலாம், அல்லது தேறியவரை வேலைக்கு வைக்கலாம். வெளியாளாக இருந்து பார்க்கிறவர் அதிகபட்சம் நான்கு நிறுவனங்களை, மொத்தம் 50 வண்டிகளை மட்டுமே பார்க்கலாம். பெயரை மட்டும் வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இருக்க முடியாது.

பரீட்சையில் இரண்டு தாள். முதல் தாளில் 60 கேள்விகள், இரண்டு மணி நேரம், சரியான விடைக்கு டிக் அடிக்க வேண்டும், 42 சரியாக இருந்தால் பாஸ். இரண்டாவது தாளில் ஒரு கம்பெனியின் கதையைக் கொடுப்பார்கள். எத்தனை வண்டி, எத்தனை டிரைவர், எந்த ஊருக்கு என்ன சரக்கு, இதற்கு நேர அட்டவணை போடு, செலவுக் கணக்குப் போடு, வாடகை எவ்வளவு கேட்கலாம் சொல் என்று கேட்பார்கள். இதற்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம்.

எங்கள் வகுப்பு போனில் நடந்தது. அங்கே நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாயம் ஓய்வு எடுக்க வேண்டும். அந்த முக்கால் மணி நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டே பேசுவான். அவனுக்கு மதியம் ஒரு மணி, நமக்கு மாலை ஐந்தரை. நான் மொட்டை மாடியில் ரூல் போட்ட நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். 'அந்தக் காலத்து சி.ஏ.ஐ.ஐ.பி.யை மறுபடி எழுதப் போறீங்களா?' என்று வீட்டில் கேட்டார்கள். அதில் முதல் பகுதியோடு நின்றவன் நான் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும்.

பாடத்தில் எனக்குப் பழக்கமானதும் நிறைய இருந்தது. லைசென்ஸ் தருவதற்கு முன் நான்கு விஷயம் பார்க்கிறார்கள்: நற்பெயர், பண பலம், நிலையான அலுவலகம், தேர்ச்சி பெற்ற மேனேஜர். பண பலம் என்றால் முதல் வண்டிக்கு 8,000 பவுண்டு, அடுத்த ஒவ்வொரு வண்டிக்கும் 4,500 பவுண்டு கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். பராமரிப்புக்குப் பணம் இல்லாதவன் பிரேக்கைச் சரிசெய்ய மாட்டான் என்பதுதான் இதன் பொருள். செலவை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். வண்டி நின்றாலும் ஆகிற செலவு கடன் தவணை, இன்சூரன்ஸ், வரி, டிரைவர் சம்பளம். வண்டி ஓடினால் ஆகிற செலவு டீசல், டயர், ஆயில். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்குப் புத்தகமே தேவைப்படவில்லை.

முதல் தாளில் மருமகன் முதல் முறையே தேறிவிட்டான். புத்தகம் பார்த்து எழுதலாம் என்ற இரண்டாவது தாளில் தோற்றான்.

ஏன் என்று உட்கார்ந்து பார்த்தோம். கூட்டல் பெருக்கலில் தப்பு இல்லை. நேர அட்டவணையில்தான் தப்பு. டிரைவரை ஓய்வு இல்லாமல் ஓட விட்டிருந்தான். 'ஏய்யா, விதி உன் பக்கத்திலேயே திறந்து கிடந்ததே' என்றேன். 'ஓட்டிரலாம் மாமா, நம்ம ஊரிலே இதைவிட ஓட்டுவாங்களே' என்றான். தினமும் அந்த ஓய்வை எடுத்துக்கொண்டே என்னோடு பேசியவன், பேப்பரில் இன்னொரு டிரைவர் என்றதும் அதை மறந்துவிட்டான்.

அந்த விதிகளை நம் கிலோமீட்டரில் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணி நேரம். ஒரு வாரத்துக்கு 56 மணி நேரம், ஆனால் அடுத்தடுத்த இரண்டு வாரம் சேர்த்து 90 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வேலை முடிந்தால் 11 மணி நேரம் ஓய்வு. அதை ஒன்பதாகக் குறைக்கவும் கணக்கு உண்டு.

காலை ஆறு மணிக்கு வேலை தொடங்குகிறது என்று வையுங்கள். லோடு ஏற்ற ஒரு மணி நேரம். 500 கிலோமீட்டரை 60 வேகத்தில் ஓட்ட எட்டு மணி இருபது நிமிடம். நடுவில் ஓய்வு 45 நிமிடம். இறக்க ஒரு மணி நேரம். மாலை 5.05-க்கு வேலை முடிகிறது. அதே டிரைவரை மறுநாள் காலை 4.05-க்கு முன்னால் கூப்பிடக் கூடாது. வாடிக்கையாளர் மூன்று மணிக்கு வண்டி கேட்டால் இன்னொரு டிரைவர் வேண்டும், அவர் சம்பளம் வாடகையில் ஏற வேண்டும். அந்தத் தாள் சோதிப்பது இதைத்தான். டிரைவரின் தூக்கத்தையும் செலவாக எழுதத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள்.

அவன் பயிற்சிக்காக நம்ம ஊர்க் கணக்கு ஒன்றைப் போடச் சொன்னேன். இங்கிருந்து சென்னை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். 50 வேகம் என்றால் 12 மணி நேரம். அந்த ஊர் விதிப்படி ஒன்பது மணி நேரம் ஓட்டிய டிரைவர் விழுப்புரம் பக்கம் வண்டியை ஓரம் கட்டிவிட வேண்டும். போய் வர 24 மணி நேரம். மாதம் பத்து நடை என்றால் 240 மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். நான்கு வாரத்துக்கு அங்கே அனுமதி 180 மணி நேரம்தான்.

மாதம் பத்து நடை. அந்த எண்ணை எழுதியதும் என் பேனா நின்றுவிட்டது.

பணியில் இருந்தபோது ஒரு கிளையில் லாரிக் கடன் மனுக்களைச் சரிபார்க்கிற மேஜையில் இருந்தேன். ஊரையும் ஆளையும் சொல்ல வேண்டாம். ஒற்றை லாரி வாங்க ஒருவர் வந்தார், அவரே ஓட்டுகிறவர். கொட்டேஷன், லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஜாமீன் எல்லாம் சரியாக இருந்தன. மாதம் எட்டு நடை என்றால் தவணைக்குக் கொஞ்சம் இடித்தது. 'பத்து நடை ஓட்டுவீர்களா?' என்று கேட்டேன். 'ஓட்டிரலாம் சார்' என்றார். பத்து என்று எழுதினேன். தவணை சரியாக உட்கார்ந்தது. அவருக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்தேன்.

ஒன்றரை வருடம் தவணை தேதி தவறாமல் வந்தது. ஒருநாள் விடியற்காலை, நின்றுகொண்டிருந்த இன்னொரு லாரியின் பின்னால் மோதிவிட்டார். உயிர் இருந்தது, வலது கால் போய்விட்டது. பிறகு கட்டையை ஊன்றிக்கொண்டு கிளைக்கு வந்தார். என் மேஜையில்தான் சாவியை வைத்தார். 'ஒரு நிமிஷம் கண் அசந்துட்டேன் சார்' என்றார். நான் லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் கோப்பில் எல்லாத் தாளும் இருந்தது. இந்த மனிதர் எப்போது தூங்குவார் என்ற கேள்விக்கு மட்டும் தாள் இல்லை. கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவன் நான். யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை என்பதும் உண்மை.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதியது. தூர வழிகளுக்கு 10 மணி நேரம், 54 மணி நேரம் வரை விட்டது. ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேரம் ஓய்வு தரச் சொன்னது. 1988-ன் மோட்டார் வாகனச் சட்டமும் அதையே கைகாட்டியது. வாரம் 54 என்றே வைத்தாலும் முப்பது நாளைக்கு 231 மணி நேரம்தான் வரும். நான் எழுதிய பத்து நடை, லோடு ஏற்றி இறக்குகிற நேரத்தைச் சேர்க்காமலே அதைத் தாண்டுகிறது. அதிகப் பாரத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய் அபராதம், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். பாரத்தைப் பார்க்க எடைமேடை இருக்கிறது. நேரத்தைப் பார்க்க, பரீட்சை எழுதிப் பெயர் கொடுத்த ஒருவர் இருக்க வேண்டும் என்று இங்கே பெர்மிட் கேட்பதில்லை. டிரைவர் ஓனரைச் சொல்வார், ஓனர் புக்கிங் ஆபீஸைச் சொல்வார், அவர்கள் மார்க்கெட்டைச் சொல்வார்கள். சரக்கு காலையில் வேண்டும் என்று கேட்பது நாம்.

மருமகன் அடுத்த மூன்று மாதத்தில் மறுபடி எழுதினான். இந்த முறை முதலில் ஓய்வு நேரத்தைக் கட்டம் போட்டு வைத்துவிட்டு, மிச்சத்தில் வேலையை நிரப்பினான். தேறிவிட்டான். இப்போது பதினொரு வண்டிக்கு அவன் பெயர் லைசென்ஸில் இருக்கிறது. வண்டியில் உள்ள டாகோகிராஃப் என்ற கருவி, ஓட்டிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் பதிவு செய்கிறது. டிரைவரின் கார்டை 28 நாளுக்குள், வண்டியின் கருவியை 90 நாளுக்குள் இறக்கிப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால், டிராஃபிக் கமிஷனர் முன்னால் போய் நிற்க வேண்டியவன் அவன். பெயரே பறிபோகலாம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு வண்டியை இருபது நிமிட நேரக் குறைவுக்காக நிறுத்தி வைத்தானாம். வாடிக்கையாளர் கத்தியிருக்கிறார். 'உங்க பத்து நடை ஞாபகம் வந்தது மாமா' என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

இனி நம் மதிலுக்கு வருகிறேன். அங்கே நிற்கிற டிரைவர் தப்புச் செய்யவில்லை. சட்டமும் முதலாளியும் வற்புறுத்தாமலே, கண் அசக்கிறது என்று தெரிந்து வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு அவரைத் தட்டி எழுப்பி அனுப்பினால் அவர் போகப்போவது எங்கே? புளியரை வளைவுகளுக்கு. எதிரே நம் பிள்ளைகள் யாராவது கொல்லத்திலிருந்து காரில் வந்துகொண்டிருக்கலாம்.

புகார் சொன்னவர்களின் கஷ்டமும் பொய் இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருப்பதால் தரைத்தளத்து வீட்டில் குழந்தை தூங்கவில்லை. ஸ்கூல் வேன் திரும்ப முடியவில்லை. மதிலோரம் நாற்றம். ஆகவே போர்டு வைப்போம். வாசகத்தை மட்டும் மாற்றுவோம். என் யோசனை இது:

ஒன்று, கேட்டுக்கு இரு பக்கமும் முப்பது அடி விட்டு, வடக்கு மதில் பக்கம் மட்டும் நிற்கலாம். இரண்டு, இன்ஜினை அணைக்க வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது. மூன்று, காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். நான்கு, வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் உள்ள கழிப்பறையைத் திறந்துவிடுவோம், வெளிப்பக்கம் ஒரு குழாய் போடுவோம். நாற்றத்துக்குக் காரணம் டிரைவர்களின் குணம் இல்லை, இடம் இல்லாததுதான். குழாய்க்கும் பைப்புக்கும் ஆகிற செலவை நான் தருகிறேன். சங்கக் கணக்கில் எழுத வேண்டாம்.

மூன்று மாதம் பார்ப்போம். சரிவரவில்லை என்றால் பழைய தீர்மானத்துக்கு நானே முதல் கையைத் தூக்குகிறேன்.

அதுவரை, வாட்ச்மேனிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள். கேட்டை அடைத்து நின்றால் எழுப்பட்டும். மற்றபடி தூங்குகிறவரை விட்டுவிடட்டும்.