"எந்தத் தோட்டம்?" என்று கேட்கும் நூலகர்



இந்தக் கருத்தரங்கைத் தலைநகரில் வைக்காமல் கோலசிலாங்கூரில் வைத்த ஏற்பாட்டாளர்களுக்கு முதல் நன்றி. இந்த மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடி தொடங்கியது. தொடங்கியவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை. தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930-இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. இன்று எந்தப் பெரிய நூலகத்திலும் அவர் பெயரைத் தட்டினால் பதிவு வந்து நிற்கும். அவர் தோட்டத்தில் பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்புக்கு நின்ற தமிழர்களின் பெயரைத் தட்டிப் பாருங்கள். ஒன்றும் வராது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று நூலகத்துக்கு வந்து, "எங்க தாத்தா எந்த ஊருங்க?" என்று கேட்கிறார்கள்.

மொரிஷியஸ் தமிழருக்கு இந்தச் சங்கடம் குறைவு. ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் குடியேற்றப் பதிவேடுகள் அங்கே மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, ஆள்வாரியாகத் தேடலாம். நம் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி முறையில் வந்தவர்கள். 1938-இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும்வரை, கங்காணி தன் ஊருக்குப் போய், தன் சொந்தத்தையும் அண்டை அயலையும் கூட்டி வந்தார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, லயத்தில் குடியேறினார்கள். ஒப்பந்தக் கூலிக்கு எழுதியதுபோல ஆளுக்கொரு ஒப்பந்தத்தாள் இவர்களுக்கு எழுதப்படவில்லை. போதாக்குறைக்கு, தோட்ட எழுத்தரான கிராணி செக்ரோல் என்ற வருகைப் பேரேட்டில் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே முனியாண்டி மூன்று விதமாகப் பதிவானார். ஒரே தோட்டத்தில் ஐந்து முனியாண்டிகள் இருந்ததும் உண்டு.

ஆகவே நம் குடும்ப வரலாற்றுக்கு ஆள் பெயர் நல்ல வாசல் ஆகாது. தோட்டத்தின் பெயர்தான் வாசல் என்பது என் கட்சி. விவரமறிந்த நூலகர் வந்தவரிடம் தாத்தா பெயரைக் கேட்பதற்கு முன், "எந்தத் தோட்டம்? எத்தனாம் டிவிஷன்? எந்தக் கோயில்?" என்று கேட்பார். தோட்டம் தெரிந்தால் கம்பெனி தெரியும்; கம்பெனி தெரிந்தால் அதன் தாள்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கலாம். ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்டு ஆவணங்கள் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிலாங்கூர் செயலகக் கோப்புகள் நம் தேசிய ஆவணக் காப்பகத்தில், கோலாலம்பூரிலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றில் தொழிலாளியின் பெயர் அத்திபூத்தாற்போலத்தான் தலைகாட்டும். அதை முதலிலேயே சொல்லிவிட்டால், விடுப்பெடுத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் மனமொடிந்து திரும்ப மாட்டார்கள்.

பெயர்கள் கிடைக்கும் இடம் வேறு. தமிழ் நாளிதழின் மரண அறிவிப்புப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை வடிவத்தில் ஒரு படம். கீழே தோற்றம், மறைவு. பெயருக்குப் பக்கத்தில் 'முன்னாள் சுங்கை திங்கி தோட்ட மண்டோர்' என்பது போல ஒரு வரி. பிறகு மனைவி, மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர்கள். சிலவற்றில் தமிழகத்து ஊரும் தாலுகாவும் இருக்கும். கடைசியில் பதினாறாம் நாள் கருமக்கிரியை நடக்கும் வீட்டு முகவரி. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை ஒரு கைக்குட்டை அளவில் அச்சாகியிருக்கிறது. அதிலும் கங்காணி வீட்டு அறிவிப்பாக இருந்து ஊர் பெயரும் இருந்துவிட்டால், அது அவர் கூட்டி வந்த பல குடும்பங்களுக்கும் துப்பு. 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனும், 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் ஆய்வாளருக்கு அரசியல் வரலாறு. பேரனுக்கு அவையே குடும்ப மரம்.

அடுத்தது கும்பாபிஷேக மலர். தலைவர் வாழ்த்துரையும் விளம்பரமுமாக இருப்பதால் நம்மில் பலர் இதைப் புத்தகமாகவே மதிப்பதில்லை. புரட்டிப் பாருங்கள்: முதல் கொட்டகை போட்டவர் யார், திருவிழா உபயக்காரர்கள் யார் யார், நிர்வாகக் குழு நிழற்படத்தில் நிற்போர் இடமிருந்து வலமாக யார் என்று எல்லாம் இருக்கும். 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் வெளியீடுகளைத் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். எத்தனை கோயில் செயலாளர்களுக்கு இது தெரியும்? எத்தனை நூலகங்கள் இதைக் கோயில் வாசலில் போய்ச் சொல்லியிருக்கின்றன? உதிரித் தாளுக்கும் மதிப்பு உண்டு: சென்னை ரோஜா முத்தையா நூலகம் ஆய்வாளர்களால் போற்றப்படுவதற்கு ஒரு காரணம், கோட்டையூரில் இருந்த முத்தையா என்ற தனிமனிதர் நூல்களோடு நாடக நோட்டீசையும் அழைப்பிதழையும் சேர்த்ததுதான்.

சிலாங்கூரின் வடக்கில் இந்த வேலைக்கு அவசரம் அதிகம். மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டத்து மக்களும் சிதறிப் போனதை இங்கிருப்போர் அறிவீர்கள். தோட்டம் விற்கப்படும்போது மரத்துக்கும் மண்ணுக்கும் விலை பேசுகிறார்கள். பள்ளி சேர்க்கைப் பதிவேட்டையும் ஆஸ்பத்திரிப் புத்தகத்தையும் யார் எடுத்து வைக்கிறார்கள்? பிறப்புச் சான்று இல்லாமல் அடையாள அட்டைக்கு அலைகிறவர்களுக்கு அந்தச் சேர்க்கைப் பதிவேடு ஒரு பிடிமானம். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவரின் வீட்டுக்கோ, அவர் இங்கே வாழ்ந்தார் என்பதற்கு அதுவே கடைசித் தடயமாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பழைய ஏடுகளில் சாதி எழுதியிருக்கும். கடல் தாண்டியதும் அதை உதறிய குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளிடம் சொல்லாமலே போன பெரியவர்களும் உண்டு. தேடி வந்தவர் கையில் ஏட்டைக் கொடுப்பது நூலகர் பணி. பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி படித்துக் காட்டுவது அவர் பணியில் சேராது.

நூலகர்களிடம் எனக்கு மூன்று கோரிக்கைகள். கோலசிலாங்கூர் நூலகத்தில் தோட்டவாரியாக ஓர் அட்டவணை தொடங்குங்கள். பத்தாங் பெர்ஜுந்தை என்று தேடினாலும், 2007-க்குப் பிறகு வந்த பெஸ்தாரி ஜெயா என்று தேடினாலும் ஒரே பதிவு வரட்டும். மலரையும் மரண அறிவிப்பையும் ஸ்கேன் செய்து உடையவரிடமே திருப்பிக் கொடுங்கள். மூலத்தைக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள், நானும் தரமாட்டேன்.

வாசலில் ஸ்கேன் கருவியோடு இரண்டு நூலகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பையில் பழைய மலர் வைத்திருப்பவர்கள் தேநீர் இடைவேளைக்குக் காத்திராமல் இப்போதே கொடுத்துவிடலாம். முதல் அமர்வின் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.