கணக்கு நம்மோடது, சாவி யார் கையில்?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



1931-க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட மக்கள்தொகைக் கணக்கு கிடையாது. 2011-இல் சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். அதன் சாதி விவரம் வெளியே வரவில்லை. 2021-இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்ன காரணம்: 1931-இல் இருந்தது 4,147 சாதி, இப்போ 46 லட்சம் பெயர் வந்திருக்கு, எல்லாம் பிழை. சரி, அந்தப் பிழையை நாமும் பார்த்துத் தெரிஞ்சுக்க வழி எங்கே?

அடுத்த கணக்கெடுப்பில் சாதியையும் எண்ணுவதென்று 2025 ஏப்ரலில் முடிவெடுத்தார்கள். அதையும் பெட்டியில் வைத்துப் பூட்டினால்?

"அப்போ எல்லாத்தையும் தெருவில் கொட்டு" என்கிறார்கள் சில தோழர்கள். நான் ஒத்துக்க மாட்டேன். ஊருக்கு மூணு வீடாகச் சிதறிக் கிடக்கிற புதிரை வண்ணாரை நினைச்சுப் பாருங்க. மூணு வீடு, அதில் ஒரு பட்டதாரிப் பெண். அட்டவணையில் பெயரே வேண்டாம், ஊர்க்காரன் விரலை நீட்டிச் சொல்லிடுவான்.

1942-இல் அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினரை முகாமில் அடைத்தது. அவர்கள் எங்கெங்கே வாழ்ந்தார்கள் என்பதை ராணுவத்துக்குக் காட்டியது 1940-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. ஆம்ஸ்டர்டாமில் யூதர்களைத் தேட நாஜிகளுக்கு மக்கள் பதிவேடு உதவியது. அதனால்தான் 1943 மார்ச்சில் எதிர்ப்பாளர்கள் அந்தப் பதிவேட்டு அலுவலகத்துக்கே தீ வைத்தார்கள்.

1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரம் ரகசியம். 2011 சாதிக் கணக்கெடுப்போ அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கவில்லை. அதில் கொடுத்த விவரத்தை அரசுத் துறைகள் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆக, அரசுக்குத் திறந்த கதவு, ஆய்வாளனுக்குப் பூட்டிய கதவு!

பூட்டுவதா, கொட்டுவதா என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கு. பிரிட்டனின் புள்ளிவிவர அலுவலகம் ஐந்து கேள்வி கேட்கிறது. ஆய்வு பொதுநன்மைக்கா? ஆள் பயிற்சி பெற்றவரா? வேலை செய்யும் இடம் பாதுகாப்பானதா? விவரத்தில் பெயர், முகவரி நீக்கியாச்சா? வெளியே போகும் முடிவில் யாராவது அடையாளம் தெரிகிறாரா? உள்ளே கணக்குப் போடலாம். மூல விவரத்தைக் கொண்டுபோக முடியாது. விரல்விட்டு எண்ணும் ஆட்களே உள்ள கட்டங்களை மறைத்துத்தான் அட்டவணையை வெளியே விடுவார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'தகுதியுள்ள ஆய்வாளர்' என்று முடிவு செய்வது யார்? தகுதி, திறமை என்று சொல்லியே நம்மை எத்தனை வாசலில் நிறுத்தினார்கள்! உள் ஒதுக்கீடு தரலாம், ஆனால் புள்ளிவிவரம் காட்டித்தான் தரணும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அருந்ததியருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை அடுத்தவன் மட்டுமே கணக்குப் போட்டால் அது யாருடைய கணக்காக இருக்கும்?

ஆகவே நாம் கேட்க வேண்டியது: அனுமதிக் குழுவில் தலித், பழங்குடி ஆய்வாளர்கள் இருக்கணும், பெண்களும் இருக்கணும். யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்கு ஏன் மறுத்தார்கள் என்பதை வெளியிடணும். மறுத்தால் முறையீட்டுக்கு இடம் வேணும். போலீசுக்கும் கட்சிக்கும் கம்பெனிக்கும் மூல விவரம் போகக்கூடாது.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. கோஷம் போடுங்க, கூடவே புள்ளியியலும் படிங்க. அந்த அறைக் கதவு திறக்கும் நாளில் உள்ளே போய் உட்கார நம்ம ஆள் தயாரா இருக்கணும்.