மணத்தைக் கேட்போம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மணத்தை முகர்வது நம் வழக்கு. யப்பானிய நறுமணக் கலைஞரோ மணத்தைக் 'கேட்பது' என்பர். அச்சிறு சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

கி.பி. 595இல் அவாஜித் தீவின் கரையில் ஒதுங்கிய மரக்கட்டையொன்றை மக்கள் விறகோடு சேர்த்து எரித்தனர். புகை மணக்கக் கண்டு வியந்து, அதனை அரசவைக்குக் காணிக்கையாக்கினர். அதுவே அகில். 'நிஹொன் ஷொகி' என்னும் பழைய வரலாற்று நூல் தரும் செய்தி இது. புத்தர் திருமுன் புகைந்த வாசனை, பின்னர் பிரபுக்களின் ஆடைக்கும் அறைக்கும் மணமூட்டிற்று. 15ஆம் நூற்றாண்டில் 'கோடோ' என்னும் கலை உருவாயிற்று. கிண்ணத்துச் சாம்பலுள் கனலைப் புதைத்து, மேலே அப்பிரகத் தகடு வைத்து, அரிசியளவு அகிற்சீவலை அதன்மேல் இடுவர். அது எரியாது; சூடேறி மணக்கும். கூடியிருப்போர் கிண்ணத்தைக் கைமாற்றி, அமைதியாக அம்மணத்தைக் கேட்பர்.

இன்று அவ்வாசனை வரவேற்பறை அலங்காரமாகிவிட்டது. கியோத்தோவில் 1705இல் தோன்றிய ஷோயெய்டோ நிறுவனம், 'லிஸ்ன்' என்னும் பெயரில் வண்ண வண்ணக் குச்சிகளை விற்கின்றது. அவாஜி ஊதுவத்தியாளரும் கோபே மாச் என்னும் தீக்குச்சி நிறுவனமும் சேர்ந்து, உரசிய மாத்திரத்தே பற்றிப் பத்து நிமிடம் மணக்கும் 'ஹிபி' குச்சியை 2015இல் வெளியிட்டனர்.

இது மரபுக்கு இழுக்கு என்போர் உளர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆயின், வாசனை பீடம் விட்டு இல்லம் புகுந்தது இன்றா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே புகுந்தது! 'லிஸ்ன்' என்ற பெயரிலும் 'கேள்' என்னும் ஆங்கிலச் சொல்லே ஒலிக்கின்றது. ஆகவே, அலங்காரம் குற்றமன்று, கேளாமையே குற்றம். கேட்பவனுக்கு அரிசியளவு போதும். கேளாதவனுக்கு ஒரு காடும் போதாது.

காடு என்றது மிகையன்று. அகில் மரம் காயமுற்று நோயுற்ற இடத்திலே ஊறும் பிசினே அம்மணத்தைத் தருவது. பிசின் உண்டோ இல்லையோ என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாமையால், வெறும் மரங்களும் வெட்டுண்டன. இலங்கையின் ஈரவலயக் காடுகளில் வளரும் வல்லப்பட்டையும் அகிலின் உறவு மரமே. இம்மரங்களின் பன்னாட்டு வணிகம் 2005 முதல் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆயினும் களவு ஓயவில்லை.

நண்பர்களே, வாசனைக் குச்சியைக் கொளுத்திவிட்டு நாம் வேறு அலுவல் பார்க்கப் போய்விடுகின்றோம். இன்று மாலை, ஒரு குச்சி எரிந்து முடியும் வரையேனும் அருகிருந்து கேட்போமா?