எல்லை கடக்கும் தீர்ப்பு

வணிகர் தம் பிணக்கைத் தாமே தெரிந்த நடுவரிடம் ஒப்படைப்பது தொன்மையான வழக்கம். தோற்றவரின் சொத்து வேற்று நாட்டில் இருக்குமாயின், நடுவரின் தீர்ப்பை அங்கு நிறைவேற்றுவது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியே பன்னாட்டு வணிக நடுவர் முறையின் வரலாறு என நாம் கருதுகிறோம்.

1923-இன் ஜெனீவா நெறிமுறை, நடுவரை நாடுவதாகச் செய்த ஒப்பந்தத்தை நீதிமன்றங்கள் மதிக்கச் செய்தது. 1927-இன் உடன்படிக்கை அயல்நாட்டுத் தீர்ப்பையும் ஏற்றது. ஆயினும், அது பிறந்த நாட்டில் இறுதியானது என்பதை வென்றவரே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1958-இன் நியூயார்க் உடன்படிக்கை அச்சுமையை மாற்றிற்று. தீர்ப்பை மறுப்பவரே காரணம் காட்ட வேண்டும் என்றாயிற்று. மலேசியா 1985-இலும் சிங்கப்பூர் 1986-இலும் அதில் இணைந்தன.

மொழியைக் கற்பிக்கும் நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவ்வுடன்படிக்கை வேண்டுவது எழுத்து வடிவிலான இசைவு; தீர்ப்பு வேற்று மொழியில் இருப்பின், சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு. 1985-இல் ஐக்கிய நாடுகளின் ஆணையம் வகுத்த மாதிரிச் சட்டமோ, விசாரணை மொழியைத் தெரிவு செய்யும் உரிமையை இரு தரப்பினர்க்கும் அளித்தது.

ஆக, நடுவரின் அதிகாரம் ஒப்பந்தத்தின் ஒரு தொடரில் பிறக்கிறது. அத்தொடர் பொருள் மயங்கினால், எங்கு வழக்காடுவது என்பதே முதல் வழக்காகிவிடும். மாணவர்களே, தெளிவாக எழுதும் பயிற்சியை நாம் வற்புறுத்துவது இதன்பொருட்டே.